மழைப் படத்தின் நான்காவது ஓரம்

ஜப்பானில் ஒரு படத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் விளக்கைக் குறைக்கிறார்கள். இது எனக்குப் பழக வெகுநாள் ஆயிற்று. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவதென்றாலும், "அந்த டியூப்லைட்டைப் போடு" என்றுதானே தொடங்குவோம்? நகோயாவில் நாங்கள் குடியிருக்கும் பகுதியின் சமூகக் கூடத்தில், மாதம் இரண்டு சனிக்கிழமை மதியங்களில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை வைத்துக்கொண்டு ஒன்பது பேர் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். பேச வேண்டியிருந்தால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் பேச வேண்டும்; எச்சில் தெறித்துவிடக் கூடாது. புதிதாக யாராவது கதவைத் திறந்து பார்த்தால், உடம்பு முடியாத ஒருவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்றே நினைப்பார்கள். அத்தனை பணிவிடையும் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மரக்கட்டை அச்சுப் படம் ஒன்றுக்கு. வெளிச்சம் பட்டால் அதன் சாயம் வெளுத்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் நான் சேர்ந்ததே ஓர் எழுத்துக் கோளாறால். என் கணவருக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் வந்து சேர்ந்தேன். என்னைப் போல் வந்தவர்களுக்குத் தெரியும், முதல் வருடத்து மதியங்கள் எவ்வளவு நீளமானவை என்று. பூ அடுக்கும் கலையைப் படிக்கலாம் என்று சமூகக் கூடத்துக்குப் போனேன். ஜப்பானிய மொழியில் 'ஹனா' என்றால் பூ. "ஹனா கா சுகி தெஸ்", அதாவது எனக்குப் பூ பிடிக்கும் என்று, இரண்டு நாள் வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியத்தை ஒப்பித்தேன். என் திருநெல்வேலி நாக்கு அவசரத்தில் நடுவிலிருந்த உயிரெழுத்தை விழுங்கிவிட்டது. அங்கிருந்த பெண்ணின் காதில் விழுந்தது 'ஹங்கா.' ஹங்கா என்றால் அச்சுப் படம். அவர் முகம் மலர்ந்து என் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை நான் ஒரு கட்டு வெள்ளைச் செவ்வந்தியும் பெரிய கத்தரிக்கோலுமாக அந்த இருட்டு அறைக்குள் நுழைந்தேன். மேசையில் விலைமதிப்பற்ற தாள்கள். கத்தரிக்கோலைப் பார்த்து எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். வெள்ளைச் செவ்வந்தியை அங்கே துக்க வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எழுந்தவர்களில் முதலில் சிரித்தவர் ஹாயாஷி-சான்; 'சான்' என்பது அங்கே பெயரோடு சேர்க்கும் மரியாதை. ஐம்பதைக் கடந்த பெண்மணி, மருந்துக் கடை வைத்திருந்தார். என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பைய வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டார். எழுந்து போக வெட்கமாக இருந்ததால் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் நாலு வருடமாக எழுந்திருக்கவில்லை.

முதல் நாள் மேசையில் கிடந்தது ஒரு கடல் படம். அதன் நீலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய அயல்நாட்டுச் சாயமாம். அதற்கு முன்பிருந்த பூச்சாயம் தண்ணீர் பட்டால் ஓடிவிடும், இது ஓடாதாம். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு அந்த நீலத்தை நன்றாகத் தெரியும். கரிமப் பொருளில் நைட்ரஜன் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கடைசிச் சொட்டு அமிலம் விட்டதும் சோதனைக் குழாயில் கண்ணுக்கு முன்னால் பிறக்குமே, அந்தப் பிரஷ்யன் நீலம். வருடா வருடம் பாளையங்கோட்டையில் நாற்பது பெண்கள் அதைச் செய்துவிட்டுத் தொட்டியில் கொட்டுவார்கள். கல்லூரிச் சாக்கடையே நீலமாக ஓடும். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், "இதை நான் செய்திருக்கிறேன். நிறையச் செய்திருக்கிறேன். கொட்டியிருக்கிறேன்" என்றேன். நான் இப்படிப் படங்கள் அச்சடிப்பவள், பிடிக்காவிட்டால் கொட்டிவிடுபவள் என்று அவர்கள் புரிந்துகொண்டு இரண்டு வாரம் என்னை 'ஆசிரியர்' என்று அழைத்தார்கள். தெளிவுபடுத்த எனக்கு ஒரு முழு மதியமும் காகிதத்தில் எழுதிய சமன்பாடுகளும் தேவைப்பட்டன.

அதன் பிறகு எனக்குப் பார்க்கத் தெரிந்தது. வரைபவர் ஒருவர், மரத்தில் செதுக்குபவர் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. இயந்திரம் கிடையாது; தாளைக் கட்டைமேல் வைத்து, உள்ளங்கை அளவு வட்டத் திண்டால் முதுகில் தேய்த்துத்தான் சாயத்தை ஏற்றுவார்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் இரண்டு விதமாக இருக்கும், அன்றைக்கு அந்தக் கை எப்படித் தேய்த்ததோ அப்படி.

எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை ஒரு படத்தை எடுத்து ஒரு மணி நேரம் பேச வேண்டும். என் முறை வந்த வருடம் நான் தீபாவளிக்கு ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஹாயாஷி-சானிடம் ஒரு மழைப் படம் இருந்தது. பெயர்பெற்ற ஓவியர் வரைந்தது இல்லை. அவருடைய மாமியார் கொடுத்தது. ஓர் ஆற்றுத் துறை, கட்டிக் கிடக்கும் படகு, கரையில் நான்கு பேர், மேலிருந்து கீழாக மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகளில் மழை. அதைப் பார்த்த அன்று, "எங்கள் ஆற்றங்கரையில் மழை வந்தால் யாரும் இப்படி ஓட மாட்டார்கள். நின்று பார்ப்பார்கள்" என்று நான் சொல்லியிருந்தேன். அவர் அதை மறக்கவில்லை. புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஊதாத் துணியில் கட்டி, அந்தப் படத்தை என் மடியில் வைத்தார்.

"நாங்கள் கோடுகளையும் சாயத்தையுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஆற்றங்கரைக்காரர்களிடம் காட்டுங்கள். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று வந்து சொல்லுங்கள். அதுதான் உங்கள் பேச்சு."

வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். அங்கே மரியாதைக்காகவும் மூன்று முறை வேண்டாம் என்பார்கள். ஆகவே என் மறுப்பு மரியாதையாகிப் போயிற்று.

பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து, மழை இல்லாத ஒரு காலையில், கை கழுவித் துடைத்துக்கொண்டு படத்தை விரித்தேன். அம்மாவும் அண்ணன் சங்கரனும் குனிந்து பார்த்தார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் எண்ணித்தான் பார்ப்பான். "நாலு பேரு, ஒரே குடை" என்றான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏளா கோமதி, இந்தக் குடைக்காரி வீட்டுல சொல்லாம வந்திருக்கா."

"எப்படிம்மா சொல்லுதே?"

"மத்த மூணு பேரும் நனையுதோமேன்னு குனிஞ்சு ஓடுதாங்க. இவ மட்டும் குடையைத் தாழ்த்தி மூஞ்சிய மறைச்சுக்கிட்டு, படகைப் பாத்து நிக்கா. தெரிஞ்சவுக யாரும் பாத்திரக் கூடாதுல்லா."

எட்டுப் பேர் வருடக்கணக்காகப் பார்த்தும் இதைச் சொன்னதில்லை. குறித்துக்கொண்டேன். அண்ணனுக்கு வேறு கவலை. "இவ்வளவு நல்ல படத்த ஒருத்தவுக குடுத்திருக்காவ, இதப் போயி துணியில சுத்தி வச்சிருக்கியே. மாட்ட வேண்டாமா?" என்றான். இது மாட்டுகிற படம் இல்லை, இரவல் வாங்கி வந்தது என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

மறுவாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் போனேன். ஆற்றில் முழுக்குப் போட்டு, சாமி கும்பிட்டு, பேருந்தில் ஜன்னலோரம் ஈரத்தலையைக் காயவிட்டுக்கொண்டு மத்தியானம் வீடு திரும்பினோம். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ண மூடிக்கிட்டு உள்ள வா."

கண்ணைத் திறந்தபோது கூடத்துச் சுவரில், அப்பா போட்டோவுக்கும் நெல்லையப்பர் காந்திமதி படத்துக்கும் நடுவில், ஹாயாஷி-சானின் மழை தொங்கிக்கொண்டிருந்தது. கொடி ஓடிய தங்கநிறச் சட்டம். பளபளக்கும் கண்ணாடி. தலைக்கு மேல் சின்னச் சிவப்பு பல்பு. பழக்க தோஷத்தில் கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு. படம் சுருக்கமே இல்லாமல் தட்டையாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். சட்டத்துக்குப் பொருந்த நாலு பக்க வெள்ளை ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஓரங்களில் ஒன்றில்தான் பதிப்பித்தவரின் சின்ன முத்திரை இருந்தது. அது போனால் படம் பாதி அநாதை.

"நல்லா இருக்கு அண்ணே" என்றேன். அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்? கல்யாணமாகிப் போன பிறகு எனக்காக அவன் செய்த முதல் காரியம். நேராக அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா பின்னால் வந்து நின்று என்ன ஏதென்று கேட்டாள். சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். "நான் என்னத்த கண்டேன், கோமு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைத் தேற்றுவதா, என்னைத் தேற்றிக்கொள்வதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நான், வெளியே சட்டத்தை அணைத்தபடி அண்ணன். மூன்றாவது முயற்சியில் ஹாயாஷி-சானின் கடை கிடைத்தது. மன்னிப்பை எல்லாம் முறைப்படி சொல்லிவிட்டு, "படத்தில் நோரி வைத்துவிட்டார்கள்" என்றேன்.

"நோரியா?"

"ஆமாம். பின்பக்கம் முழுவதும் நோரி."

"கோமதி-சான், உங்கள் ஊரிலும் நோரி சாப்பிடுவீர்களா?"

பசைக்கும், சோற்று உருண்டையைச் சுற்றும் கடற்பாசித் தாளுக்கும் ஜப்பானில் ஒரே பெயர்; குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறு. என் உச்சரிப்பில் படத்தின் முதுகில் கடற்பாசியைச் சுற்றியிருந்தேன். கோதுமை மாவு, தண்ணீர், ஒட்டுவது என்று நான் தனித்தனியாகச் சொல்லச் சொல்ல அவருக்குப் புரிந்தது. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் படிக்கிற குரலில் கேள்விகள்தான் வந்தன. மாவுப் பசைதானா, ரசாயனப் பசையா? மாவு என்றால் நல்லது, நாங்களும் அதைக் கொண்டுதான் ஒட்டுவோம். முன்பக்கம் ஈரம் படக் கூடாது. பின்னாலிருந்து மெல்ல உரித்துக்கொண்டு வாருங்கள். ஒட்டியவர் இருக்கிறாரா? "அவரையே எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பசை போட்டார் என்று அவருக்குத்தானே தெரியும்." கடைசியாக, என் அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டார். கூண்டுக்கு வெளியே இருந்த அவனைப் பற்றி நான் ஒரு வரிதான் சொல்லியிருந்தேன்.

படக்கடை சுடலைமுத்து அண்ணாச்சி, அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். தீபாவளிச் சமயம் என்பதால் கடை முழுக்க சாமி படங்கள் வரிசையில் நின்றன. சட்டத்தை மேசையில் வைத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தங்கச்சி, வேலையில என்ன குத்தம் கண்டீய?"

"குத்தமே இல்ல அண்ணாச்சி. ரொம்ப நல்லா ஒட்டியிருக்கீங்க. அதான் பிரச்சினை."

"பசையில மயில்துத்தம் போட்டிருக்கேன். பூச்சி அண்டாது. பத்து வருசத்துக்கு அசையாது" என்றார் பெருமையாக. எனக்கு இன்னும் பகீர் என்றது. மயில்துத்தம் என்றால் தாமிர சல்பேட். ஈரத்தோடு சேர்ந்தால் தாளை மெல்ல அரிக்கும். விஷயத்தைச் சொன்னேன். இரவல் படம், நூற்றைம்பது வருடப் பழசு, கையால் அச்சடித்தது. அவர் வந்திருந்தவர்களைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மேசையைத் துடைத்து வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்தார்.

படத்தைக் குப்புறப் போட்டு, அட்டையின் முதுகிலிருந்து தொடங்கினார். மெல்லிய கத்தியால் அட்டையை ஒவ்வொரு படலமாக உரித்தார். நான் கூடவே சாயங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீலத்தைப் பற்றிப் பயமில்லை, அது தண்ணீருக்கு அசையாது. தலைப்பு எழுதிய கட்டத்தின் சிவப்புதான் பயம். அது பூச்சாயமாக இருந்தால் ஒரு சொட்டு ஈரத்தில் பரவிவிடும். கடைசிப் படலத்துக்கு வந்தபோது ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து ஒற்றினார். அண்ணன் விசிறியால் வீசப் போனான். "ஏலே சங்கரா, நீ சும்மா நில்லு, அது போதும்" என்றார். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு மூலையில் தாள் மெதுவாக எழும்பியது.

வந்தது படம் இல்லை. படத்துக்கும் அட்டைக்கும் நடுவே இன்னொரு மெல்லிய தாள் இருந்தது. எப்போதோ யாரோ படத்துக்குத் தாங்கலாக ஒட்டியிருந்த பழைய தாள். பசையையும் துத்தத்தையும் அதுதான் குடித்திருந்தது. அது தன் பழைய பசைப் பிடியை விட்டுவிட்டு, அட்டையோடு சேர்ந்து பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. அடியில் படத்தின் சொந்த முதுகு. ஈரம் லேசாகத்தான் தொட்டிருந்தது. சிவப்பு ஓடவில்லை.

சுடலைமுத்து அண்ணாச்சி அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். முதுகு முழுவதும் வட்ட வட்டமாகத் தேய்த்த தடங்கள். மழை விழும் வானத்தில் நீள நீளமாக, ஆற்றில் சின்னச் சுழலாக.

"ஏலே, இங்கன பாரு. வானத்துக்கு ஒரு மாதிரி தேச்சிருக்கான், தண்ணிக்கு ஒரு மாதிரி தேச்சிருக்கான். இந்த இடத்துல கை வலிச்சிருக்கு, நிறுத்திட்டுத் திரும்பத் தேச்சிருக்கான்." கொஞ்ச நேரம் கழித்து, "இது தெரிஞ்சிருந்தா ஓரத்த வெட்டியிருக்க மாட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

வெட்டிய ஓரங்களைத் தேடி மேசைக்கடியில் இருந்த குப்பையை மூவரும் கிளறினோம். மூன்று கிடைத்தன. முத்திரை இருந்த நான்காவது கிடைக்கவே இல்லை.

நகோயாவில் என் பேச்சு நாள் வந்தது. விளக்கைக் குறைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், இந்த முறை 'நோரி'யைச் சரியாக உச்சரித்து. ஹாயாஷி-சான் படத்தை இரண்டு கையாலும் எடுத்தார். வெட்டுப்பட்ட விளிம்பை ஒரு தரம் பார்த்தார். அவருடைய உதடு இறுகியதை நான் பார்த்தேன். அதை அவர் மறைக்கவும் இல்லை. பிறகு திருப்பி, முதுகை விளக்குக்குச் சாய்த்தார். அந்தத் தடங்களில் அவர் கண் வெகுநேரம் சுற்றியது.

"எனக்கு இது வந்து முப்பது வருடம். இதன் முதுகை நான் பார்த்ததே இல்லை" என்றார்.

தாள் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. எல்லோரும் கைக்குட்டையை மறந்துவிட்டுப் பேசினார்கள். அம்மா சொன்ன குடைக்காரியின் கதையைச் சொன்னபோது அறையே இரண்டு கட்சியாகிவிட்டது. அவள் ஓடிப்போகிறவளா, ஓடிப்போகிறவனை வழியனுப்ப வந்தவளா என்று அன்று மட்டுமல்ல, அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அதே வழக்குத்தான். ஹாயாஷி-சான் அம்மாவின் கட்சி. ஆனாலும் அவர் அந்தப் படத்தை மறுபடி யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லி நானும் கேட்க மாட்டேன்.

சித்திரை மாதம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நான்காவது ஓரம் அகப்பட்டுவிட்டது. ஓரத்தை வெட்டிய அன்றைக்குச் சுடலைமுத்து அண்ணாச்சி அடுத்ததாகச் செய்தது ஒரு முருகன் படம். கண்ணாடி ஆடாமல் இருக்கக் கைக்குக் கிடைத்த தாள் துண்டை மடித்து உள்ளே செருகியிருக்கிறார். வெகுநாள் கழித்து அது நினைவு வந்து, எந்த வீட்டுப் படம் என்று நோட்டில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். வண்ணார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள் வீடு. அண்ணனும் அவரும் போய்க் கேட்டதற்கு அந்த அம்மாள், விளக்கேற்றிக் கும்பிட்ட படத்தைப் பிரிக்க விட மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். இதை ஹாயாஷி-சானுக்கு மொழிபெயர்த்தேன். முருகன் யார் என்று கேட்டார். மலையில் இருப்பவர், மயிலில் வருவார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கே வெளிச்சம் அதிகமா?" என்று மட்டும் கேட்டார். சட்டத்துக்கு உள்ளே இருக்கிறது, வெளிச்சமே படாது என்றேன். "அப்படியானால் இருக்கட்டும்" என்றார்.

அடுத்த விடுமுறையில் நான் வண்ணார்பேட்டைக்குப் போனேன். பேச்சியம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "வாங்கம்மா, ஜப்பான்காரவுகளா?" என்று கேட்டு உள்ளே கூட்டிப் போனார். சுவரில் வேலும் மயிலுமாக முருகன், பக்கத்தில் ஊதுபத்திப் புகை. அதன் பின்னால் எங்கோ அந்த முத்திரை. நான் கையைக் கூப்பினேன். கூப்பிய கை தானாகப் பிரிந்து தொடைப்பக்கம் இறங்கியது, இடுப்பு வளைந்தது. நகோயாவில் வணக்கம் சொல்ல ஒரு நாளைக்கு இருபது முறை வளைகிற அதே கோணத்தில், அதே அளவு நேரம்.

"என்னம்மா, கும்புடுதியளா, கீழ எதும் தேடுதியளா?" என்றார் பேச்சியம்மாள்.

பதில் சொல்லி நான் நிமிர்வதற்குள், திருநீற்றை எடுத்து, குனிந்திருந்த என் நெற்றியில் பூசிவிட்டார்.